போரும் மண்ணும்



எங்கள் பள்ளி செபராங் பிறையில் ஒரு தோட்டத்தின் நடுவே இருக்கிறது. முன்பு ரப்பர் நின்ற தோட்டம். இன்று செம்பனை நிற்கிறது. பள்ளிக்குப் பின்னால் ஒரு மேட்டுச் சரிவு உண்டு. அதில் காய்கறித் தோட்டம் போடலாம் என்று ஆசிரியர்களாகிய நாங்களும் ஐந்தாம் ஆண்டு மாணவர்களும் ஒரு முறை முடிவு செய்தோம். மண்ணைக் கொத்தினோம், பாத்தி கட்டினோம், வெண்டையும் கத்தரியும் பயறும் போட்டோம். கீழே சமதரையில் போட்டது செழித்து வளர்ந்தது. மேலே சரிவில் போட்டது ஒரு முழம்கூட எழும்பாமல் மஞ்சளித்துப் போயிற்று. ஒரே விதை, ஒரே உரம், ஒரே மழை. பிள்ளைகள் காரணம் கேட்டார்கள். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பக்கத்து லயத்தில் தொண்ணூறு வயதைக் கடந்த பாட்டி ஒருவர் இருக்கிறார். வேலியோரம் வந்து நின்று எங்கள் பாட்டைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "அங்க என்னா வெளையும் வாத்தியாரே? மண்ணு இருந்தாத்தானே வெளையும்? அந்த மண்ணு ஜப்பான்காரன் காலத்துலயே ஆத்தோட போயிருச்சு" என்றார்.

பிள்ளைகள் விரல் விட்டு எண்ணினார்கள். ஜப்பானியர் ஆட்சி 1945இல் முடிந்தது. எண்பது ஆண்டுகளாகின்றன. எண்பது ஆண்டுக்கு முன் நடந்த சண்டைக்கும் இன்று வாடிப்போன வெண்டைச் செடிக்கும் என்ன தொடர்பு? குண்டு விழாத தோட்டம் அது. பீரங்கி வெடிக்காத மேடு அது. பிறகு ஏன் மண் போயிற்று? அந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டபோது நாங்கள் அறிந்தவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

நேயர்களே, போரினால் இயற்கைக்கு வரும் கேட்டை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்கலாம். ஒன்று, ஆயுதம் நேரே செய்யும் கேடு. குண்டு விழுந்த இடத்தில் குழி, தீப்பிடித்த இடத்தில் சாம்பல். இது கண்ணுக்குத் தெரியும், படம் பிடிக்கலாம். மற்றொன்று, போர் வந்ததால் நின்றுபோன வேலைகளால் வரும் கேடு. தூர் வாராத வாய்க்கால், அடைக்காத கரை உடைப்பு, களை எடுக்காத சரிவு. இது உடனே தெரியாது. தெரியும்போது போரை எல்லாரும் மறந்திருப்பார்கள். நம் தோட்டப்புறங்களில் அதிகம் நடந்தது இந்த இரண்டாவது வகைதான்.

முதலில் நகரத்தைப் பார்ப்போம். 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையிறங்கியது. டிசம்பர் 11ஆம் நாள் ஜார்ஜ் டவுன் நகரின்மேல் குண்டுகள் விழுந்தன. வானத்தில் வந்த விமானங்களை வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு வந்த மக்கள் பலர் அங்கேயே மாண்டனர். கடைவீடுகள் எரிந்தன. அடுத்த சில நாள்களில் ஆங்கில அதிகாரிகள் ஐரோப்பியரை அழைத்துக்கொண்டு இரவோடு இரவாகத் தீவை விட்டுப் போய்விட்டார்கள். நகரம் ஆளில்லாத வீடு போலக் கிடந்தது.

அப்போது முன்வந்தவர்களுள் ஒருவர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளேட்டின் ஆசிரியராக இருந்த மாணிக்கசோதி சரவணமுத்து என்னும் இலங்கைத் தமிழர். பல இனத்தவரும் சேர்ந்த ஒரு சேவைக் குழுவுக்கு அவர் தலைமை தாங்கினார். கொர்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த ஆங்கிலேயர் கொடியை இறக்கி வெள்ளைக் கொடியை ஏற்றினார். பினாங்கு வானொலி வழியாக, ஆங்கிலேயர் வெளியேறிவிட்டனர், இனி இந்த நகரின்மேல் குண்டு போட வேண்டாம் என்று ஜப்பானியருக்கு அறிவித்தார். டிசம்பர் 19ஆம் நாள் ஜப்பானியர் தீவுக்குள் நுழைந்தனர்.

இந்தச் செய்தியை நாம் வீரக் கதையாக மட்டும் கேட்டுவிட்டுப் போகக்கூடாது. ஆள்வோர் ஓடிய ஊரில் முதலில் நின்றுபோவது எது? குப்பை வண்டி நிற்கிறது. சாக்கடை அடைக்கிறது. இறந்தோரை எடுப்பாரில்லை. குழாயில் வரும் நீரைக் குடிக்கலாமா என்று சொல்வாரில்லை. ஒரு நகரம் நோயில்லாமல் இருப்பது நாள்தோறும் விடியுமுன் எழுந்து வேலை செய்யும் எளிய மனிதர்களின் கைகளால்தான். அந்தக் கைகள் ஒரு வாரம் ஓய்ந்தால் போதும். எலியும் ஈயும் ஆட்சிக்கு வந்துவிடும். நகரத்தில் ஒரு வாரத்தில் தெரிந்த அந்த உண்மை, தோட்டத்தில் தெரிய இரண்டு மூன்று ஆண்டுகளாயின.

இனித் தோட்டத்துக்கு வருவோம். போருக்கு முன் மலாயா தான் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை பர்மா, சயாம் முதலிய நாடுகளிலிருந்து வாங்கி வந்தது. ரப்பரையும் ஈயத்தையும் விற்று அரிசி வாங்குவது வழக்கம். போர் வந்தது, ரப்பரை வாங்கிய அமெரிக்கா எதிரி நாடாயிற்று. அரிசிக் கப்பல்களும் குறைந்தன. 1943இல் கெடா, பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு ஆகிய நான்கு மாநிலங்களை ஜப்பானியர் சயாமிடம் ஒப்படைத்தார்கள். பினாங்குக்குப் பக்கத்திலேயே இருந்த நெற்களஞ்சியம் அதனால் வேறோர் ஆட்சியின் எல்லைக்குள் போயிற்று.

மக்கள் என்ன செய்வார்கள்? பால்வெட்டுக்கு வேலையில்லை, அடுப்பில் வைக்க அரிசியில்லை. கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டார்கள். உணவுப் பயிரை வளருங்கள் என்று அரசும் ஆணையிட்டது. வீட்டு வாசலில் நட்டார்கள். திடலில் நட்டார்கள். ரப்பர் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு அங்கே நட்டார்கள். காட்டு ஓரத்தை எரித்து மலைச் சரிவிலும் நட்டார்கள். மரவள்ளிக் கிழங்கும் அதன் இலையும்தான் அந்நாளில் பல குடும்பங்களின் உயிரைப் பிடித்து வைத்தன. ஆகவே மரவள்ளியை நாங்கள் குறை சொல்ல வரவில்லை. அதை நட்டவர்களையும் குறை சொல்லவில்லை. பசித்த பிள்ளைக்கு முன்னால் மண்ணைக் காப்பாற்று என்று யாருக்கு உபதேசம் செய்ய முடியும்?

ஆனால் மண்ணுக்கு நம் பசி தெரியாது. மழைக்கும் தெரியாது. ரப்பர் மரம் நின்றபோது அதன் தழைக்கூரை மழையின் வேகத்தைத் தாங்கிக்கொண்டது. கீழே படர்ந்த கொடிப் பயிர் மண்ணைப் போர்வை போல மூடியிருந்தது. வேர்கள் அதைப் பிடித்து வைத்திருந்தன. மரத்தை வெட்டியதும் கூரை போயிற்று. கொடியை எரித்ததும் போர்வை போயிற்று. மரவள்ளியோ கிழங்குக்காகப் பிடுங்கப்படும் பயிர். ஒவ்வொரு அறுவடையின்போதும் மண் கிளறிப் பொலபொலவென்று ஆகிவிடும். சமதரையில் இதனால் பெரிய கேடில்லை. சரிவிலோ, கிளறிய மண்ணின்மேல் நம் நாட்டுப் பெருமழை கொட்டும்போது அந்த மழை மண்ணையும் வாரிக்கொண்டுதான் இறங்கும். ஓர் அங்குல மேல்மண் உண்டாக நூற்றுக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அது கரைந்து போக ஒருசில மழைக்காலமே போதும்.

இது நம் நாட்டுக்குப் புதிய பாடமும் அன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே மலாக்காவில் பெருமளவில் மரவள்ளி பயிரிட்டு, மண் சலித்ததும் விட்டுவிட்டுப் போன நிலங்கள் லாலான் புல் மண்டிக் கிடந்தன. லாலானைத் தோட்டத்து மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. அதன் வேர்த்தண்டு மண்ணுக்குள்ளே ஓடும். மேலே வெட்டினாலும் எரித்தாலும் கீழிருந்து மறுபடி முளைக்கும். வெயில் காலத்தில் எளிதில் தீப்பிடிக்கும். அந்தத் தீயில் இளமரக் கன்றுகள் கருகும். லாலான் மட்டும் பிழைக்கும். கவனிப்பாரின்றி விடப்பட்ட சரிவு லாலான் காடாவதும், அதனால் மீண்டும் மரம் எழ முடியாமல் போவதும் இப்படித்தான்.

பாட்டியின் சொல் எங்களுக்கு இப்போது விளங்கியது. அவருடைய அப்பாவும் அம்மாவும் அந்த மேட்டில்தான் மரவள்ளி போட்டார்களாம். "அதத் தின்னுதான் நான் பொழைச்சேன்" என்றார். மண் போனதையும் உயிர் பிழைத்ததையும் ஒரே மூச்சில் சொன்னார்.

அடுத்து, காய்ச்சலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலேரியாவைப் பரப்பும் கொசுக்களில் பல இனங்கள் உண்டு. நம் மலைப்பாங்கான தோட்டங்களில் கேடு செய்தது அனோபிலிஸ் மாக்குலேட்டஸ் என்னும் இனம். கொசு என்றால் அழுக்கு நீரில்தான் முட்டையிடும் என்று நாம் நினைக்கிறோம். இந்தக் கொசுவுக்கோ தெளிந்து ஓடும் நீர் வேண்டும். அந்த நீரின்மேல் வெயிலும் பட வேண்டும். அடர்ந்த காட்டு நிழலில் ஓடும் ஓடையில் இது பெருகுவதில்லை. காட்டை வெட்டி ஓடையை வெயிலுக்குத் திறந்துவிட்டால் பெருகிவிடும். தோட்டங்கள் திறந்த காலத்தில் நம் முன்னோர் ஆயிரக்கணக்கில் காய்ச்சலில் மடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிள்ளான் வட்டாரத்தில் மருத்துவர் மல்கம் வாட்சன் இதற்கு வழி கண்டார். சதுப்பு நிலத்து நீரை வடித்தார். மலையடியில் ஊறும் நீரை மண்ணுக்கு அடியில் குழாய் பதித்துக் கொண்டுபோகும் முறையையும் பின்னர்ப் பரப்பினார். குழாய் இல்லாத இடத்தில் வாய்க்காலைத் துப்புரவாக்கி, நீரின்மேல் எண்ணெய் தெளிப்பது வழக்கமாயிற்று. இந்த வேலைக்கு ஒரு குணம் உண்டு. ஒரு முறை செய்துவிட்டு உட்கார்ந்துவிட முடியாது. வாரந்தோறும் எண்ணெய் தெளிக்க வேண்டும். மாதந்தோறும் வாய்க்காலைச் செதுக்க வேண்டும். இந்த வேலைகளைச் செய்தவர்கள் தோட்டத் தொழிலாளர்களே. மண்வெட்டியும் எண்ணெய்த் தகரமும் ஏந்திய அவர்களின் பெயர் எந்த மருத்துவ நூலிலும் இல்லை. ஆனால் பல தோட்டங்களில் காய்ச்சலைக் கட்டி வைத்திருந்தது அவர்கள் கைதான்.

போர் வந்ததும் எண்ணெய் கிடைக்கவில்லை. கூலி கொடுக்கத் துரையில்லை. வாய்க்காலில் புல் மண்டிற்று, குழாய்கள் அடைத்தன. மரவள்ளிக்காக வெட்டிய சரிவுகளில் ஓடைகள் வெயிலுக்குத் திறந்தன. கொசுவுக்கு வேண்டியதெல்லாம் கிடைத்தது. மனிதனுக்கு வேண்டிய கொயினா மருந்துதான் கிடைக்கவில்லை. உலகத்துக் கொயினாவில் பெரும்பங்கு ஜாவாத் தீவின் சின்கோனா மரங்களிலிருந்து வந்தது. 1942 மார்ச்சில் ஜாவாவும் ஜப்பானியர் வசமாயிற்று. மருந்து படைக்கு முதலில் போயிற்று. லயத்துக்கு வந்து சேர்ந்தது சொற்பம். அந்த நான்கு ஆண்டுகளில் தோட்டங்களில் எத்தனை பேர் குளிர்காய்ச்சலில் மாண்டனர் என்பதற்குச் சரியான கணக்குக்கூட இல்லை.

சரி, வாய்க்காலைச் செதுக்கிய அந்தக் கைகள் எங்கே போயின? நேயர்களில் பலர் இதற்குள் விடையை ஊகித்திருப்பீர்கள். சயாமுக்குப் போயின. சயாமையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் நீளமுள்ள ரயில் பாதையை ஜப்பானியர் 1942இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தனர். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை அழைத்துப் போனார்கள். சிலரை ஆசை காட்டி அழைத்தார்கள். பலரைப் பிடித்து ஏற்றினார்கள். போனவர்களில் மிகப் பலர் திரும்பவில்லை. நம் மக்கள் அதை மரண ரயில் என்றே அழைக்கிறார்கள். தோட்டப்புறத்தில் அந்தச் சொல்லைக் கேட்டுக் கலங்காத குடும்பம் குறைவு.

அந்தச் சாவிலும் சுற்றுச்சூழலுக்குப் பங்கு உண்டு. காட்டை வெட்டிப் பாதை போட்டார்கள். ஆற்றங்கரையில் நெருக்கமாகக் கொட்டகை அமைத்தார்கள். முறையான கழிப்பிடம் இல்லை. நீரைக் காய்ச்சிக் குடிக்க நேரமில்லை, பாத்திரமில்லை. 1943இல் மழைக்காலம் தொடங்கியதும் அழுக்கெல்லாம் ஆற்றில் இறங்கியது. வாந்திபேதி வந்தது. ஒரு கொட்டகையில் பிடித்த நோய் அதே ஆற்றின் வழியே கீழ்க் கொட்டகைக்கும் போயிற்று. ஆற்றைக் கெடுத்தவனை அந்த ஆறே கொன்றால்கூட அதில் ஒரு நியாயம் இருக்கும். இங்கே கெடுக்கச் சொன்னவன் வேறு, செத்தவன் வேறு.

இனிக் கடலைப் பார்ப்போம். பினாங்குத் துறைமுகத்தைப் போர் தொட்டது அதுதான் முதல் முறை அன்று. முதல் உலகப் போரின்போது, 1914 செப்டம்பரில், சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்துவிட்டுப் போன எம்டன் என்ற ஜெர்மானியக் கப்பல், அக்டோபர் 28ஆம் நாள் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஷெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை மூழ்கடித்தது. சாமர்த்தியமாக வேலை முடிப்பவனை இன்றும் 'பெரிய எம்டன்' என்கிறோமே, அந்த எம்டன்தான். இரண்டாம் உலகப் போரிலோ பினாங்கு, ஜப்பானிய, ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல்களுக்குத் தளமாயிற்று. அதை முடக்க 1944 அக்டோபர் முதல் நேச நாட்டு விமானங்கள் இந்தியாவிலிருந்து பறந்து வந்து நம் நீரிணையில் கண்ணிவெடிகளைத் தூவின. கண்ணிவெடிக்குப் போர்க்கப்பல் எது, வேறு கப்பல் எது என்று தெரியாது. 1945 செப்டம்பர் 3ஆம் நாள் ஆங்கிலக் கடற்படையினர் மீண்டும் பினாங்கில் இறங்கினர். தாங்கள் போட்ட வெடிகளைத் தாங்களே வாரியெடுத்த பிறகுதான் கடல்வழியைத் திறக்க முடிந்தது.

தரையில் புதைந்த வெடிகளின் கதை இன்னும் நீளம். மலேசியாவில் கட்டட வேலைக்கு மண் தோண்டும்போது அந்தக் காலத்துக் குண்டுகள் அகப்பட்டதாக இன்றும் செய்தி வருகிறது. இலங்கையின் வடக்கிலும் வன்னியிலும், 2009இல் போர் முடிந்த பிறகு பல ஆண்டுகள் கண்ணிவெடி அகற்றும் வேலை நடந்து வந்திருக்கிறது. வெடி இருக்கும் வயலில் மாடு மேய்க்க முடியாது. விறகு பொறுக்க முடியாது. அதே போரில் காவலரண் கட்டுவதற்காக எண்ணற்ற பனைமரங்களைத் தறித்தார்கள். பனை வளர்ந்து பயன் தரப் பதினைந்து இருபது ஆண்டுகள் வேண்டும். ஒரு காவலரணுக்குச் சாய்த்த மரம், ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைமுறைச் சோறு.

உலகப் போர் முடிந்தும் மலாயாவில் அமைதி நீடிக்கவில்லை. 1948 முதல் 1960 வரை அவசரகாலம் நடந்தது. காட்டில் மறைந்திருந்த கொரில்லாக்களோடு போரிட்ட ஆங்கிலேயர், 1950களின் தொடக்கத்தில் செடிகொடிகளைக் கொல்லும் மருந்தை ஆயுதமாக்கினார்கள். பதுங்கித் தாக்க இடம் தரும் சாலையோரத் தழைகளின்மேல் அதைத் தெளித்தார்கள். காட்டுக்குள் இருந்த உணவுப் பயிர்களின்மேலும் விமானத்திலிருந்து தெளித்தார்கள். அந்த மருந்துகளில் ஒன்று 2,4,5-டி. தெளித்த அளவு அதிகமில்லைதான். ஆனால் ஒரு வழி திறந்துவிட்டது. பத்தாண்டு கழித்து அமெரிக்கா வியட்நாமில் அதையே பெரிய அளவில் செய்ய எண்ணியபோது, மலாயாவில் ஆங்கிலேயர் செய்திருக்கிறார்களே என்று அதிகாரிகள் முன்னுதாரணம் காட்டினார்கள்.

1962 முதல் 1971 வரை வியட்நாமின்மேல் தெளித்த மருந்து 7 கோடி லிட்டருக்கும் அதிகம். காடுகள் இலையுதிர்ந்து நின்றன. கடலோரச் சதுப்புக் காடுகள் பெருமளவில் மாண்டன. மருந்தில் கலந்திருந்த டையாக்சின் என்னும் நஞ்சு மண்ணிலும் குளத்துச் சேற்றிலும் தங்கி, மீன் வழியாகவும் வாத்து வழியாகவும் மனிதருக்குள் வந்தது. மருந்தைச் சேமித்து வைத்திருந்த டா நாங் விமானத் தளத்து மண்ணைத் துப்புரவாக்கும் வேலை 2018இல்தான் முடிந்தது. பியென் ஹோவாவில் 2019இல்தான் தொடங்கியது. தெளிக்க ஒன்பது ஆண்டு. கழுவ அரை நூற்றாண்டு தாண்டியும் போதவில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். போர்க்காலத்தில் மனிதன் விலகி நிற்கும் இடங்களில் இயற்கை செழிப்பதும் உண்டே? உண்மைதான். ஜப்பானியர் காலத்தில் வெட்டாமல் விட்ட ரப்பர் மரங்களின் பட்டை ஆறி, போருக்குப் பின் நன்றாகப் பால் கொடுத்தன. கொரியாவில் 1953 முதல் இரு நாடுகளுக்கும் இடையே 4 கிலோமீட்டர் அகலத்தில் ஆள் புகாமல் கிடக்கும் பகுதியில் அரிய கொக்கினங்கள் வந்து தங்குகின்றன. ஆனால் அது போரின் கொடையா? அந்தக் கொக்குகள் நிற்கும் மண்ணுக்கடியில் கண்ணிவெடிகள் இருக்கின்றன. பட்டை ஆறிய மரத்தை வெட்டவேண்டியவர் சயாம் காட்டில் புதைந்து கிடந்தார். மரத்துக்கு ஓய்வு தர வேறு நல்ல வழிகள் உண்டு.

மலாய் மக்களிடம் ஒரு பழமொழி வழங்குகிறது. யானையும் யானையும் மோதினால் நடுவில் நிற்கும் சருகுமான் சாகும் என்பார்கள். எளியவனின் நிலையை இதைவிட அழகாகச் சொல்ல முடியாது. நாங்கள் அதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறோம். யானைகள் போன பிறகு அந்தச் சருகுமானின் குட்டி மேய வேண்டிய புல்தரையும் அங்கே இல்லாமல் போகிறது.

இதைத் தடுக்க உலகம் ஒன்றும் செய்யவில்லையா? செய்திருக்கிறது. வியட்நாமைக் கண்ட பிறகு, இயற்கையையே ஆயுதமாக மாற்றுவதைத் தடை செய்யும் உடன்படிக்கையை 1976இல் ஐக்கிய நாட்டுச் சபை ஏற்றது. 1978இல் அது நடைமுறைக்கு வந்தது. 1977இல் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்ந்த கூடுதல் விதிகள், சுற்றுச்சூழலுக்குப் பரந்த, நெடுநாளைய, கடுமையான சேதம் விளைக்கும் போர்முறைகளை விலக்கின. ஆயினும் 1991இல் குவைத்தை விட்டுப் பின்வாங்கிய ஈராக்கியப் படை அறுநூறுக்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. அதை அணைக்க நவம்பர் மாதம் வரை ஆயிற்று. 2001 முதல் ஆண்டுதோறும் நவம்பர் 6ஆம் நாள், போரில் சுற்றுச்சூழலைச் சீரழிப்பதைத் தடுக்கும் உலக நாளாகக் குறிக்கப்படுகிறது. சட்டம் இருப்பது நல்லது. ஆனால் சட்டம் பேசுவது எண்ணெய்க் கிணறு போன்ற பெரிய சேதத்தை. எங்கள் பள்ளிக்குப் பின்னாலுள்ள மேட்டை எந்த நீதிமன்றமும் கணக்கில் எடுக்காது. அங்கே யாரும் தீ வைக்கவில்லை. பசி நட்டது, மழை அள்ளியது.

அப்படியானால் மனம் தளர்ந்துவிட வேண்டியதுதானா? இல்லை. வியட்நாமில் ஹோ சி மின் நகருக்கு அருகே கான் ஜியோ என்ற சதுப்புக் காடு மருந்தினால் பெருமளவு பட்டுப்போயிருந்தது. 1978 முதல் அந்நாட்டு மக்கள் சேற்றில் இறங்கிக் கன்றுகளை ஒவ்வொன்றாக நட்டார்கள். 2000ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. மண் மன்னிக்கும், நேயர்களே. ஆனால் அதற்குக் கை வேண்டும், காலம் வேண்டும், நடுவில் மறுபடி ஒரு போர் வராமல் இருக்கவும் வேண்டும்.

அந்த எண்ணத்தோடு நாங்கள் மீண்டும் மேட்டுக்குப் போனோம். இம்முறை காய்கறி போடவில்லை. சரிவின் குறுக்கே பிள்ளைகளைக்கொண்டு படிப்படியாக வரப்பு கட்டினோம். செம்பனை மட்டைகளை வரப்போரம் அடுக்கினோம். மண்ணை மூடும் கொடிப் பயிரை விதைத்தோம். கீழே தூர்ந்து கிடந்த பழைய வாய்க்காலையும் செதுக்கினோம். முதல் மழையில் ஒரு வரப்பு உடைந்தது. மறுநாள் பிள்ளைகளே அடைத்தார்கள். அங்கே வெண்டை காய்க்க இன்னும் பல ஆண்டுகள் ஆகலாம். இன்று ஐந்தாம் ஆண்டில் படிக்கும் பிள்ளைகள் அதைப் பறிக்கமாட்டார்கள். அவர்களுக்கும் அது தெரியும்.

பாட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்து வேலையை மேற்பார்வை பார்த்தார். வாய்க்காலைச் செதுக்கிய பையனிடம், "கரைய இன்னும் சாய்ச்சு வெட்டுடா. எங்க அப்பா அப்படித்தான் வெட்டுவாரு" என்று கையால் காட்டினார். அவருடைய அப்பா 1943இல் சயாமுக்குப் போனவர்; திரும்பி வரவில்லை.

அந்தப் பையன் கரையைச் சாய்த்து வெட்டினான். தண்ணீர் தடையில்லாமல் ஓடிற்று.

நேயர்களே, உங்கள் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் அந்தக் காலத்தைக் கண்ட முதியவர் எவரேனும் இருந்தால், போரில் என்ன நடந்தது என்று மட்டும் கேட்காதீர்கள். இந்த மேடு அப்போது எப்படி இருந்தது, இந்த ஆறு எவ்வளவு ஆழம், எந்த இடத்தில் எந்த மரம் நின்றது என்றும் கேளுங்கள். கேட்டதைப் பிள்ளைகளை ஏட்டில் எழுதச் சொல்லுங்கள். இழந்தது எது என்று தெரிந்தவர்களால்தான் அதைத் திரும்ப உண்டாக்க முடியும். அதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் ஒரு சிலரே நம்மிடையே இருக்கிறார்கள்.